ஆத்தா உட்கார்ந்த இடம்

வணக்கமுங்க டாக்டரம்மா. உள்ள வரலாமுங்களா? சிஸ்டரு சாப்பிடப் போயிட்டாங்களாட்ட இருக்குது, அதனால நானே கதவைத் தள்ளிக்கிட்டு வந்துட்டனுங்க. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. சித்த நேரம் ஒரு நாயம் பேசிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க. சண்டைக்கு வரலைங்க. சண்டைக்கு வர்றவன் பெத்த புள்ளையக் கையில புடிச்சுக் கூட்டிக்கிட்டு வருவானுங்களா? அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க, பெஞ்சில பச்சைப் பாவாடையில உக்காந்திருக்கறா. தாரணி. எனக்கு ஒரே பொண்ணு. ஆறாவது படிக்கறா. கிளாஸ்ல அவதான் மொதலு.

எம்பேரு சென்னியப்பனுங்க. பேரைச் சொன்னா உங்களுக்கு வெளங்காது. மயிலாத்தாளுக்கு அண்ணன்னு சொன்னா வெளங்கும். தை மாசத்துல நெத்தி நடுவுல கட்டியோட ஒரு பொண்ணு வந்தாளல்லங்க, நீங்க அறுத்து எடுத்து, தையல் போட்டு, அன்னைக்கே ஊட்டுக்குத் தாட்டி உட்டீங்களே. அவளேதானுங்க. எந்தங்கச்சி.

நான் கேக்க வந்தது சின்ன விசயமுங்க. அந்தக் கட்டி எங்கீங்க?

இல்லைங்க, தழும்பைக் கேக்கலைங்க. எடுத்த கட்டியக் கேக்கறனுங்க. பாட்டல்ல போட்டு வெச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க. எங்கூர்ப் பையன் ஒருத்தன் கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை செய்யறான், எல்லாத்தையும் தண்ணியில போட்டு வெப்பாங்கன்னு அவன்தான் சொன்னான். இருந்தாக் குடுத்துருங்க. வாழையெலையில வெச்சு வாங்கிக்கறனுங்க.

லேபுக்கு அனுப்பிட்டீங்களா. பாத்து முடிச்சதும் எரிச்சிருப்பாங்களா.

எரிச்சுட்டாங்க.

எந்த நேரத்துல எரிச்சாங்கன்னு தெரியுங்களா? ராகுகாலத்துலீங்களா? அதெல்லாம் அவங்க பாக்கமாட்டாங்க. சரிங்க. இல்லைன்னாலும் ஒரு வழி யோசிச்சு வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கறனுங்க. சித்திரையில எங்கூர்ல செல்லாண்டியாத்தா நோம்பி, கோயில் திருவிழா. அதுக்குள்ள ஆத்தா மறுபடி வந்து உக்காரோணும். உக்கார அவளுக்கு ஒரு எடம் வேணும். என்ற வெசனம் பூரா அதொண்ணுதானுங்க. அதுக்கு உங்களாலதான் முடியும். அப்புறம் சொல்றன்.

வெறும் கொழுப்புக் கட்டின்னு சொன்னீங்களாமா. ஆபத்தில்லாததுன்னு. எங்கூர்ல ஒருத்தியப் பாத்துக் கொழுப்புன்னு சொன்னா பல்லு ஒடையுமுங்க. பதினஞ்சு ஊருச் சனம் கையெடுத்துக் கும்பிட்டதை, நீங்க அத்தனை பேருங் கும்பிட்டது கொழுப்பைன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டீங்க. சொல்லிப்போட்டு நீங்க அடுத்த சீட்டைப் பாக்கப் போயிட்டீங்க. ஊருக்குள்ள நடமாடறவன் நானல்லங்க? சரி, ஆபத்தில்லாத கட்டின்னா அதை எதுக்குங்க எடுக்கோணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமுன்னு உட்டுருக்கலாமல்லங்க?

கேட்டது அவளா. ம். அவ கேப்பா.

தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க, குடிங்க. நான் மொதல்லருந்து சொல்றன். உங்களுக்கு ஒண்ணுந் தெரியாம அறுத்துப்போட்டீங்க, அதுல எனக்குத் துளி கோவங் கிடையாது. தெரிஞ்சா நீங்களே அடுத்ததைச் செய்வீங்க.

எங்கப்பனும் அம்மாவும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க. மயிலு சின்னப் பொண்ணு. நாந்தான் வளத்துனன். தேங்காக் களத்துல மட்டை உரிச்சு, கையெல்லாங் காச்சுப் போய், அவளைப் படிக்க வெச்சன். பன்னெண்டாவது முடிக்கற சமயத்துல நெத்தியில புளியங்கொட்டையாட்டம் ஒண்ணு எந்திரிச்சுது. அமுக்குனா இந்தப் பக்கம் நழுவும், அந்தப் பக்கம் நழுவும். வலியில்ல. கண்ணாலத்துக்குப் பாக்க வந்தவங்க எல்லாரும் அதையே பாத்தாங்க. ஒருத்தரும் முடிவு சொல்லல. மெட்ராஸ்ல காலேஜு படிக்கோணும், கட்டிய எடுத்துப்போடலாமுன்னு அப்பவே சொன்னா. கத்தி வெச்சா வேரோடிப் போயிருமுன்னு நாந்தான் பயந்துக்கிட்டு உட்டுட்டன். பாருங்க, அப்பவே எனக்குள்ள ஆத்தா சொல்லியிருக்கறா.

அப்புறந்தான் அந்த மாட்டு விசயம். தோட்டத்து நாச்சிமுத்தோட செவலை மாடு காணாமப் போச்சுங்க. ஊரே தேடுது. இவ வாசல்ல பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தவ, தலையத் தூக்காமச் சொல்றா, 'மாடு ஓடைக்கு அக்கட்டால கருவமரத்துக்குள்ள நிக்குது.' போய்ப் பாத்தா நிக்குது! நாச்சிமுத்து ஓடியாந்து அவ கால்ல உழுந்தான். நான் பாத்தனுங்க, அந்தச் சமயத்துல அவ நெத்திக்கட்டி வெயில்ல பளபளன்னு மின்னுச்சு. 'நான் காலையில தண்ணிக்குப் போறப்பப் பாத்தண்ணா, அதான் சொன்னன்'னா. சரிதான். ஊர்ல எத்தனையோ பேரு தண்ணிக்குப் போனாங்க. ஆத்தா காட்டாம இவ கண்ணுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?

அன்னையிலருந்து நான் அவளைப் பேரு சொல்லிக் கூப்படல. மயிலுன்னு வாயில வந்தாலும் முழுங்கிக்குவன். ஆத்தா, சாப்பிடுங்க. ஆத்தா, எந்திரிங்க. கூடப் பொறந்தவளை, தோள்ல தூக்கிச் சொமந்தவளை, வாங்க போங்கன்னு கூப்படறது லேசுங்களா? மொத நாளு கூப்பிட்டப்ப அவ பொறகால திரும்பிப் பாத்துட்டுச் சிரிச்சா. 'யாரைண்ணா கூப்படற?'ன்னா. நான் சிரிக்கல. பழகிருச்சு.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம். கொழந்தை இல்லாதவங்க, கேஸ்ல மாட்டுனவங்க, தறி ஓட்டி நொடிச்சவங்க. கட்டி வளந்துக்கிட்டே வந்துச்சு, அரை எலுமிச்சம்பழத்தைக் கவுத்து வெச்சாப்பல. அது வளர வளரக் கூட்டமும் வளந்துச்சு. நான் களத்து வேலைய உட்டுப்போட்டன். உண்டியலுக்காகன்னு நாலு பேரு பேசறாங்க, பேசட்டும். அவகிட்ட சொல்றதுக்கு ஆயிரம் பேரு வருவான், அவ சொல்றதைப் புரிஞ்சு சொல்ல ஒருத்தன் வேணுமல்லங்க? அவ ரெண்டு வார்த்தை சொல்லுவா. 'தலை வலிக்குது'ம்பா. நான் வெளக்குவன்: குடும்பத்துத் தலைமகனுக்கு வலி வருது, பாத்துக்க. 'தண்ணி வேணும்'பா. கெணத்தை வடக்கால தோண்டுன்னு அர்த்தம். தோண்டுனவனுக்குத் தண்ணி வந்துச்சுங்க. தண்ணி வராதவன் வெரதத்துல தப்புப் பண்ணியிருப்பான்.

வெள்ளியில கண்மலர் செஞ்சு, அந்தக் கட்டி மேல சந்தனத்தைக் கொழைச்சு ஒட்டி வெப்பம். சாமி செலைக்கு வெக்கறமே, அதே கண்ணு. மூணாவது கண்ணோட அவ மணையில உக்காந்திருக்கறதைப் பாத்தீங்கன்னா நீங்களே கும்பிட்டிருப்பீங்க. புருவத்துல ஒரு சூட்டுக்காயம் இருக்குது, என்னான்னு அவகிட்டக் கேட்டீங்களாமா. அது கற்பூரமுங்க. கிட்டத்துல காட்டுனாத்தான் கண்மலர் சொலிக்கும், சனத்துக்குத் தெரியும். ஒரு தடவை கை தவறிப்போச்சு. வெளக்கெண்ணெய் போட்டு உட்டனுங்க. நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனுங்களா?

அவளுக்கு என்ன கொறை வெச்சன்? பட்டுச்சீலை, தனி ரூமு, ஃபேனு. வெளியில தாப்பாப் போட்டது நெசந்தான், அது காவலுக்கு. கண்டவங்களும் வந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க, ஒருத்தன் நகத்துல கீறிப் பாக்கறான். சாவிய என்ற ஊட்டுக்காரிகிட்டத்தான் குடுத்து வெச்சிருந்தன். வளர்மதி. தங்கமான பொம்பள. நாத்தனாரைத் தாயாட்டம் பாத்துக்கிட்டா. ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள உக்காந்து மெதுவா நாயம் பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் போனா நின்னுரும். பொம்பளைங்க பேச்சு.

கண்ணாலமா? ஆத்தாளுக்கு எங்கீங்க கண்ணாலம்.

எல்லாத்தையுங் கெடுத்தது மைக்குசெட்டுக்காரனுங்க. கதிரேசன்னு ஒருத்தன். கூட்டம் சாஸ்தியானதும் அவ சொல்றது பின்னால நிக்கறவனுக்குக் கேக்கல, அதனால மைக்கு வெச்சம். அவ வாய்க்கு நேரா மைக்கைத் திருப்பி வெக்கறது அவன் வேலை. தலையக் குனிஞ்சுக்கிட்டு, மரியாதையாத்தான் இருந்தான். ஒரு நாளு 'அண்ணா, அவங்களுக்குக் கண்ணு சொருகுது, கொஞ்சம் ஓய்வு குடுங்க'ன்னான். உன்ற வேலை மைக்குன்னு சொல்லி வெச்சன்.

போன ஆடி அமாவாசை. இம்புட்டுச் சனத்தை நான் பாத்ததேயில்ல. வேப்பமரத்துல கொழா ஸ்பீக்கரு நாலு பக்கமுங் கட்டியிருக்குது. ஒரு வாக்குக்கும் அடுத்த வாக்குக்கும் நடுவுல மைக்கை அமத்தோணும். அன்னைக்கு அவன் அமத்தல. மறந்துட்டேன்னான். மறந்தானா, வேணுமுன்னே உட்டானான்னு எனக்கு இன்னமுந் தெரியல. நான் அவளுக்கு எளநி குடுக்கக் குனியறன், அவ என்ற காதுல சொல்றா. காதுலதான் சொன்னா. ஆனா ஊரு பூராக் கேட்டுச்சு.

'அண்ணா, என்னால முடியலண்ணா. இது சாமி இல்லண்ணா. வெறுங் கட்டிண்ணா. என்னைய உட்டுருண்ணா.'

நாலு கொழாயிலயும் மோதி மோதித் திரும்பி வருது. உட்டுருண்ணா, உட்டுருண்ணா. கைக்கொழந்தை கூட அழுவுல. முடிஞ்சுதுடா சென்னியப்பான்னு நெனைச்சன்.

அப்ப மொத வரிசையில ஒரு பொம்பள மார்ல அடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. 'ஐயோ, ஆத்தா போறேங்கறாளே! நம்மள உட்டுட்டுப் போறேங்கறாளே!' அவ்வளவுதான். கூட்டமே மண்ணுல உழுந்துச்சு. போகாத ஆத்தா, போகாத ஆத்தான்னு ஒரே கதறல். எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. மைக்கைப் புடுங்கி நான் சொன்னன், 'ஆத்தா கோவத்துல இருக்கறா! அவளை வெறுங் கட்டின்னு நெனைக்கறவன் ஒருத்தன் இந்தக் கூட்டத்துல நிக்கறான்!' அப்படியே ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அவ தேம்பித் தேம்பி அழுதா. பொம்பளைங்க ஓடியாந்து அந்தக் கண்ணுத்தண்ணியச் சீலைத் தலைப்புல தொட்டுத் தொட்டு அவங்கவங்க கொழந்தை நெத்தியில வெச்சுக்கிட்டாங்க. எனக்கே மயிரெல்லாம் சிலுத்துப் போச்சு. நானும் சித்த நேரம் அவ சொன்னதை அப்படியே அர்த்தம் பண்ணிக்கிட்டனல்ல, அந்தப் பாவத்துக்கு மொட்டை போட்டன். அவ வாயில வர்றது அவளுக்கே வெளங்காதுங்க. வெளங்கற காது வேணும்.

அடுத்த மாசம் வெளியூர் பஸ்ஸெல்லாம் வந்துச்சு.

தையில பல்லு வலிங்கறா. சாப்பிடமாட்டேங்கறா, கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு அழுவறா. வளர்மதிதான் சொன்னா, டவுன்ல பல்லு டாக்டரு இருக்கறாரு, நான் கூட்டிக்கிட்டுப் போயிட்டுப் பொழுதோட வந்தர்றன்னு. சரி, தலைக்கு முக்காடு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போன்னன். வர்றப்ப நெத்தியில வெள்ளைக்கட்டு. என்னடின்னா, பஸ்ஸுல கம்பி இடிச்சுருச்சுங்கறா வளர்மதி. பாவம், எந்தங்கச்சி அவளையும் ஏமாத்தியிருக்கறா. வெளிய உக்காந்திருந்தவளுக்கு உள்ள நடக்கறது எப்படித் தெரியும்? எங்கிட்டச் சொல்ல பயந்துக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கறா. உங்க ஆஸ்பத்திரிச் சீட்டு அந்த ரூமுல கெடந்து, அப்புறந்தான் எனக்கு நெசந் தெரிஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி நான் அவளை ஒரு வார்த்தை கேக்கல.

கட்டுப் பிரிச்ச அன்னைக்குச் செவ்வாக்கெழமை. சனமெல்லாம் வாசல்ல நிக்குது. அவளா வந்து மணையில உக்காந்தா. முக்காட்டை எடுத்தா. நெத்தி வழிச்சு உட்டாப்பல இருக்குது. நடுவுல ஒரு கோடு. 'பாத்துக்குங்க. எம்பேரு மயிலாத்தா. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க'ன்னா. ஒருத்தனும் அசையல. கதிரேசன் வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனான். அத்தனை சனத்துக்கு நடுவுல நடந்து போய் ஏறிக்கிட்டா. நான் மறிக்கலீங்களான்னு கேக்கறீங்க. காலு வரல. அந்த நெத்தியப் பாத்ததும் எனக்குக் காலு வரல. ஆத்தா இல்லாத மூஞ்சி எனக்கு மறந்தே போயிருந்துச்சு. யாரோ ஒரு பொம்பள.

அதுக்கப்புறம் ஊர்ல ரெண்டு கன்னுக்குட்டி செத்துச்சு. பால்ச் சொசைட்டிக்காரருக்குப் பக்கவாதம். எல்லாரும் எம்மூஞ்சியத்தான் பாக்கறாங்க. டீக்கடையில நான் போய் உக்காந்தா எந்திரிச்சுப் போறாங்க. ஆஸ்பத்திரியப் போய் நொறுக்கிப்போடலாமுன்னு பசங்க கெளம்புனாங்க, நாந்தான் தடுத்து வெச்சிருக்கறன். நோம்பி வரைக்கும் பொறுங்கடான்னு சொல்லியிருக்கறன். நம்பிக்கிட்டு இருக்கறாங்க. நம்புன சனத்தை ஏமாத்தறது எத்தனை பெரிய பாவம், நீங்களே சொல்லுங்க.

மாசியில திருப்பூர் போய் அவளைப் பாத்தன். கூப்படத்தான் போனன். அவளுங் கதிரேசனும் கோயில்ல மாலை மாத்திக்கிட்டாங்களாமா. பனியன் கம்பெனியில வேலைக்குப் போறா. கம்பெனி வாசல்ல நாலு பொண்ணுங்களோட சிரிச்சுக்கிட்டு வர்றா, கையில முறுக்குப் பொட்டலம். தழும்பு மேல ஒட்டுப்பொட்டு வெச்சிருக்கறா. கடையில விக்குமே, சாதாரணப் பொட்டு. என்னையப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. 'ஆத்தா, வாங்க போலாம்'னு மட்டுஞ் சொன்னன். அவ கிட்ட வந்தா. என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி. அப்படியே சொன்னா.

'அண்ணா, தாரணிய உட்டுருண்ணா.'

எனக்கு ஒடம்பெல்லாஞ் சிலுத்துப்போச்சுங்க.

உங்களுக்கு வெளங்கலையா? எங்கூர்ல கோயிலுக்குக் கன்னுக்குட்டி நேந்து உடுவோமுங்க. தொடையில சூலக்குறி போட்டு, மாலை போட்டு, உட்டுட்டா அப்புறம் அது நம்ம மாடு இல்ல, ஆத்தா மாடு. அதுக்குப் பேருதான் உடறது. கோயிலுக்கு உட்டாச்சான்னு கேப்பாங்க. உட்டாச்சும்பம். கட்டி போயும் ஆத்தா முழுசாப் போகல டாக்டரம்மா. அவ வாயில கடைசியா ஒருக்கா வந்து பேரையே சொல்லிப்போட்டுப் போயிட்டா. நான் தாரணியப் பத்தி மூச்சே உடல. அவளா எதுக்கு அந்தப் பேரைச் சொல்லோணும்? தாரணிய உட்டுரு. இதுக்கு மேல எப்படிங்க தெளிவாச் சொல்லும் சாமி?

இல்லைங்க, நீங்க சொல்ற அர்த்தமில்ல. எத்தனை வருசமா அவ வாக்குக்கு அர்த்தஞ் சொல்றவன் நானு.

அன்னையிலருந்து தெனமுங் காலையில புள்ளைக்குத் திண்ணூறு வெக்கறப்ப கட்டைவெரல்ல அவ நெத்திய அமுக்கி அமுக்கிப் பாப்பன். புளியங்கொட்டையாட்டம் ஏதாச்சுந் தட்டுப்படுதான்னு. 'வலிக்குதுப்பா'ம்பா. ஒண்ணும் எந்திரிக்கல. மாசி போச்சு, பங்குனியும் பாதி போச்சு. அப்பத்தான் யோசிச்சன். ஆத்தா பேரைச் சொல்லிப்போட்டா, மத்ததை நாமதான செய்யோணும்? கன்னுக்குட்டி தொடையில சூலம் தானாவா மொளைக்குது?

உங்க போனு அடிக்குதுங்களே. இருங்க, நான் எடுத்துத் தர்றன். வளர்மதின்னு வருது! பாருங்க, உங்களுக்கும் ஒரு வளர்மதி. எங்கூட்டுக்காரி பேரும் அதானுங்க. நல்ல பேரு. இப்ப எடுக்க வேண்டாமுங்க, நாயம் முடிஞ்சரட்டும். கவுத்து வெச்சர்றன். காலையிலயும் எங்கூட்டு வளர்மதி ஒரே தொணதொணப்பு. நோம்பிக்குத் துணி எடுக்கப் போறம்னுதான் சொன்னன். எந்தக் கடை, எந்தக் கடைன்னு வாசல் வரைக்கும் வந்து கேக்கறா. புள்ள கையப் புடிச்சவ உடவேமாட்டேங்கறா. துணிக்கடைன்னா பொம்பளைங்களுக்கு அத்தனை ஆசை.

மறுபடியும் அடிக்குது. அவங்களுக்கு என்ன அத்தனை அவசரமோ.

இந்தாங்க, இதைப் பாருங்க. மஞ்சத்துணியப் பிரிங்க, ஒண்ணுஞ் செய்யாது. கூழாங்கல்லு. ஆத்தா கோயில் கெணத்துல மூழ்கி நானே எடுத்தன். எத்தனை வழுவழுன்னு இருக்குது பாத்தீங்களா, புளியங்கொட்டை சைசு. பெருசு எதுவும் வேண்டாமுன்னு பாத்துத்தான் பொறுக்குனன், கொழந்தையல்லங்க. பால்ல ஊற வெச்சு, மஞ்சத்தண்ணியில நல்லாக் கொதிக்க வெச்சிருக்கறன். சுத்தம் எனக்குந் தெரியும். நெத்தி நடுவுல, அவளுக்கு எடுத்த அதே எடத்துல, சின்னதாக் கீறி உள்ள வெச்சுத் தெச்சு உட்டுருங்க. அவ்வளவுதான். எடுக்கத் தெரிஞ்ச கைக்கு வெக்கத் தெரியாதுங்களா?

அப்படிப் பேசாதீங்க டாக்டரம்மா. பெத்தவன் நானு. எனக்கில்லாத அக்கறை உங்களுக்கா? மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செய்யோணும், அதுல நான் கண்டிப்பா இருப்பன். அவ துளி வலி தாங்கமாட்டா. காது குத்துனதுக்கே மூணு நாளு சோறு திங்கல. அவகிட்ட சும்மா ஒரு ஊசின்னுதான் சொல்லியிருக்கறன். பயந்துக்குவாளல்லங்க. பள்ளிக்கொடத்துல தெனமும் மைக்குல நியூஸு வாசிக்கறது அவதான். என்ன தெளிவான கொரலுங்கறீங்க! மேடையில நின்னா காலு நடுங்காது. டீச்சராகோணுமுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவா. டீச்சரு பேச்சை நாப்பது புள்ளைங்க கேக்கும். இவ பேச்சை நாடே கேக்கப்போவுது.

எங்கீங்க போறீங்க? உக்காருங்க. பொறவாசலுங் கேட்டுந் தாப்பாப் போட்டிருக்குது. நம்ம பசங்கதான். நாங்க வந்த வேனை மேட்டுக்கடையில மறிச்சு ஏறிக்கிட்டாங்க, வேண்டாமுன்னாக் கேக்கல. மத்த சீட்டுக்காரங்க வந்து உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதல்லங்க, அதுக்குத்தான். சிஸ்டரையும் டீக்கடையிலயே உக்கார வெச்சிருக்கறாங்க. ஒருத்தரும் ஒண்ணுஞ் செய்யமாட்டாங்க. நான் வெளிய போய் ஆச்சுன்னு சொன்னாக் கும்பிட்டுப்போட்டுப் போயிருவாங்க. ஆகலைன்னு சொன்னா என்ன செய்வாங்கன்னு எனக்கே தெரியலைங்க. அவங்க ஊட்டுக் கன்னுக்குட்டியல்ல செத்துச்சு.

கையப் பின்னால கட்டிக்கிட்டீங்களே. இன்னொரு மொடக்குத் தண்ணி குடிங்க. இத்தனை பேருக்கு அறுத்த கையி, இந்தச் சின்ன நெத்திக்குப் பின்வாங்கலாமுங்களா?

கூப்படறன். பேரு சொல்லக்கூடாதுங்க இனிமே. பொறந்தப்ப இந்தக் கையிலதான் குடுத்தாங்க. இருந்தாலும் மொதல்லயே பழகிக்கிட்டா நல்லது.

ஆத்தா... ஆத்தா, உள்ள வாங்க.

பாருங்க டாக்டரம்மா. யாரையோ கூப்படறன்னு பொறகால திரும்பிப் பாக்கறா.